மூன்றடியும் ஆறடியும்: கார், பஸ் ஓடும் சாலையில் சைக்கிளுக்கு எது இடம்?

சைக்கிள் பழகும்போது எல்லோரும் முதல் நாளே கேட்கும் வார்த்தை "ஓரமா போ". வீட்டுத் தெருவில் அது போதும். ஆற்காடு சாலையிலும் அண்ணா சாலையிலும் அதே ஓரம்தான் ஆளைச் சாய்க்கிறது. ஓரத்தோடு ஒட்டிப் போகிறவரைப் பார்த்தால் பின்னால் வரும் பஸ் டிரைவர் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும் என்றே நினைக்க மாட்டார். இதே தடத்தில் நுழைந்துவிடலாம் என்று கணக்குப் போடுவார். அந்தக் கணக்கில் மிஞ்சுவது ஒரு சாணோ ஒரு முழமோதான்.

கீழே உள்ளவை சென்னைச் சாலைகளை மனத்தில் வைத்து எழுதியவை. மதுரை, கோவை, திருச்சியில் ஓட்டுகிறவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். குறுக்கு அளவுகள் அடியிலும், சாலை நெடுகப் போகும் அளவுகள் மீட்டரிலும் உள்ளன. கண்ணால் அளக்க அதுவே வசதி.

கணக்கு இதுதான்

சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறிப்படி ஒரு தடத்தின் அகலம் 3.5 மீட்டர், சுமார் பதினொன்றரை அடி. பஸ், லாரி 2.6 மீட்டர் வரை அகலம் இருக்கலாம் என்கிறது விதி. அது எட்டரை அடி. பக்கக் கண்ணாடிகள் அதற்கும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நடுத்தரக் கார் ஐந்தரை அடி. சைக்கிளின் ஹேண்டில்பார் இரண்டடி: சக்கரத்துக்கு அந்தப் பக்கம் ஓரடி, இந்தப் பக்கம் ஓரடி.

சக்கரம் ஓரத்திலிருந்து ஓரடியில் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்டிலின் வலது முனை இரண்டடியில் இருக்கும். தடத்தில் மிச்சம் ஒன்பதரை அடி. எட்டரை அடி பஸ் அதில் அடங்கிவிடும்; உங்கள் தோளுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஓரடி, கண்ணாடி நீட்டியிருந்தால் அதுவும் இல்லை. கார் தடத்தின் நட்டநடுவில் வந்தாலும் இதே கதை: அதன் இடது பக்கம் மூன்றடியில் இருக்கும், உங்களுக்குக் கிடைப்பது மறுபடியும் ஓரடி. இருவருமே தங்கள் பார்வையில் தவறு செய்யவில்லை. இடம் இருந்தது, போனார்கள்.

இப்போது சக்கரத்தை மூன்றடிக்குக் கொண்டுவாருங்கள். வலது முனை நான்கடியில். மிச்சம் ஏழரை அடி. பஸ் நுழைய வழியே இல்லை. நடுக்கோட்டைத் தாண்டியோ அடுத்த தடத்துக்கு மாறியோதான் போக முடியும். இதை டிரைவர் ஐம்பது மீட்டர் முன்பே பார்த்துவிடுகிறார், அங்கேயே முடிவும் எடுத்துவிடுகிறார். ஓரத்தில் போகும்போது அவர் ஐந்து மீட்டரில் முடிவெடுக்கிறார். வித்தியாசம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

இன்னொன்று. கம்பி பிடித்ததுபோல் நேராகப் போகும் சைக்கிள் கிடையாது. பெடல் மிதிக்கும்போது இரு பக்கமும் அரையடி ஆடும். கிளம்பும்போதும், மேட்டில் ஏறும்போதும், மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் கீழே போகும்போதும் ஓரடிகூட ஆடும். மேலே சொன்ன ஓரடி இடைவெளி அந்த ஆட்டத்திலேயே தீர்ந்துவிடும்.

ஓரத்தில் என்ன கிடக்கிறது

வாகனங்களின் டயர் மணலையும் ஜல்லியையும் கண்ணாடித் துண்டையும் ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறது. கடற்கரையை ஒட்டிய சாலைகளில் இரண்டடி அகலத்துக்கு மணல் படிந்தே கிடக்கும். மழைநீர் வடிகாலுக்கு நீர் இறங்கும் வாய் ஓரத்தில்தான் இருக்கிறது. அதன் கம்பிகள் சாலையின் போக்கிலேயே நீளவாக்கில் இருந்தால் மெல்லிய டயர் உள்ளே இறங்கிவிடும். பாதாளச் சாக்கடை மூடிகளைச் சுற்றி, தார் மேல் தார் போட்டதில், மூன்று நான்கு அங்குலக் குழி. பிளாட்பாரத்திலிருந்து இறங்குகிறவர் முதல் இரண்டு அடியை வலப்பக்கம் பார்க்காமலே வைப்பார்.

இவற்றில் மோசமானது தார் முடியும் விளிம்பு. புறநகர்ச் சாலைகளில் தாருக்கும் மண்ணுக்கும் இரண்டு முதல் நான்கு அங்குலம் இறக்கம் இருக்கும். முன்சக்கரம் அதில் நழுவினால் உடனே வலப்பக்கம் திருப்பி ஏறப் பார்ப்பது எல்லோருக்கும் வரும் அனிச்சை. சக்கரம் விளிம்பை உரசிக்கொண்டே ஓடும், ஏறாது. உடம்பு மட்டும் வலப்பக்கம் சாயும். விழுவது நேராகப் பின்னால் வரும் வண்டிக்கு முன்னால். இறங்கிவிட்டால் இறங்கியபடியே மண்ணில் ஓட்டுங்கள், பின் பிரேக்கை மெல்லப் பிடித்து நில்லுங்கள், கால் ஊன்றி சைக்கிளைத் தூக்கி வையுங்கள். ஓட்டிக்கொண்டே ஏறித்தான் ஆகவேண்டும் என்றால், இன்னும் இடப்பக்கம் விலகி, பின்னால் யாருமில்லை என்று பார்த்து, விளிம்பை முடிந்தவரை குறுக்காக, குறைந்தது 45 பாகைக் கோணத்தில் சந்தியுங்கள்.

ஆகவே ஒன்றரை அடிக்குள் சக்கரத்தைக் கொண்டுபோகவே கூடாது. நிறுத்தி இறங்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் அது சரி.

இரண்டு நிலைகள்

மூன்றடி என்பது வழக்கமான இடம். நீங்கள் எப்போதும் திரும்பி வரவேண்டிய கோடு. அங்கே குப்பை குறைவு, டிரைவர் கண்ணில் படுவீர்கள், இடப்பக்கம் தப்பிக்க மூன்றடி கையிருப்பில் இருக்கும்.

ஆறடி என்பது தடத்தின் நடு. (ஆறடி என்றதும் வேறு நினைப்பு வேண்டாம், இது அதைத் தள்ளிப்போடுவதற்கு.) பின்னால் வருகிறவர் இப்போது முந்தக் கூடாது என்பதை வாயால் சொல்ல முடியாது, நிற்கும் இடத்தால் சொல்லலாம். கீழ்க்கண்ட இடங்களில் ஆறடிக்கு வாருங்கள்:

- தடம் திடீரெனக் குறுகும் இடம். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காக ஓஎம்ஆரிலும் ஆற்காடு சாலையிலும் தகரத் தடுப்பு வைத்த பகுதிகள் இதற்கு நல்ல உதாரணம். தடுப்புக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே பத்தடிதான் இருக்கும். அங்கே உங்களையும் ஒரு காரையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே முடியாது.
- சிறிய பாலம், ரயில்வே சுரங்கப்பாதை, குறுகிய வளைவு.
- சிக்னலுக்கு முன் கடைசி 30 மீட்டர், நேராகப் போகும்போது.
- இடப்பக்கம் தெரு பிரியும் இடத்துக்குச் சற்று முன். தெருவிலிருந்து மூக்கை நீட்டும் வண்டிக்கு ஓரத்தில் வருகிற ஆள் தெரிவதில்லை. சுவரும் பெட்டிக்கடையும் மறைத்துவிடும்.
- தி. நகர், மயிலாப்பூர் உள்தெருக்கள்போல எல்லா வண்டியும் மணிக்கு 15, 20 கிலோமீட்டரில் ஊரும் இடம். அங்கே நீங்களும் அதே வேகம்தான், ஒதுங்க வேண்டிய காரணமே இல்லை.

பிரிட்டனின் சாலை விதித் தொகுப்பு 2022 திருத்தத்தில் கிட்டத்தட்ட இதையே சைக்கிள் ஓட்டிகளுக்குச் சொல்கிறது: அமைதியான சாலையிலும், மெதுவாக ஊரும் போக்குவரத்திலும், சந்திப்பை நெருங்கும்போதும், தடம் குறுகும் இடத்திலும் நடுவில் போ, மற்ற நேரங்களில் ஓரத்திலிருந்து அரை மீட்டராவது விலகி இரு. ஆனால் அந்த ஊர் முறையை இங்கே அப்படியே தூக்கி வைத்தால் பாதிதான் வேலை செய்யும். அங்கே நடுவில் ஒருவர் போனால் பின்னால் வருவது ஒரு கார், அது காத்திருக்கும். இங்கே கார் காத்திருக்கும், பஸ்ஸும் ஹாரன் அடித்தபடி காத்திருக்கும், டூவீலர் காத்திருக்காது. அதைத் தனியாகக் கீழே பார்ப்போம்.

ஆறடி நிலையை எவ்வளவு நேரம் வைத்திருப்பது? காரணம் இருக்கும்வரை. குறுகலான பகுதி முடிந்ததும் மூன்றடிக்கு வந்துவிடுங்கள், பின்னால் காத்திருந்தவருக்குக் கையசைத்து வழிவிடுங்கள். அரை நிமிடத்துக்கு மேல் ஒரே வண்டி பின்னால் நிற்கிறது, முந்த வழியும் இல்லை என்றால், நல்ல இடமாகப் பார்த்து நீங்களே ஒதுங்கி விட்டுவிடுவது புத்திசாலித்தனம். பொறுமை இழந்த டிரைவர் தவறான இடத்தில் முந்துவார்.

ஒரு எல்லையும் உண்டு. மற்ற வண்டிகள் 60 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் சாலையில், 15 கிலோமீட்டரில் போகிற நீங்கள் தடத்தின் நடுவில் இருப்பது சரியான யோசனை அல்ல. 60 கிலோமீட்டர் என்பது நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர்; வளைவிலிருந்து வெளிப்பட்ட கார் உங்களை எட்ட நான்கைந்து நொடி போதும். அங்கே சர்வீஸ் ரோடு, தடத்துக்கு வெளியே தார் போட்ட தோள்பகுதி (சாலையோரப் பட்டை), அதுவும் இல்லையென்றால் வேறு வழி.

இடம் மாறுவது எப்படி

மூன்றடியிலிருந்து ஆறடிக்குப் போவதுதான் முழு வித்தையும். தடங்கலைக் கண்டதும் கடைசி நொடியில் வெட்டுவதுதான் பெரும்பாலோர் செய்வது. நிற்கும் கார் 40 மீட்டர் தூரத்தில் தெரிகிறது என்றால், நகர்வு அங்கேயே தொடங்க வேண்டும். மணிக்கு 18 கிலோமீட்டரில் நொடிக்கு 5 மீட்டர் போகிறீர்கள். எட்டு நொடி இருக்கிறது, தாராளம்.

1. வலது தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள். முகவாய் தோளைத் தொடும் அளவுக்கு. ஒரு நொடிக்குள் முன்னால் திரும்பிவிட வேண்டும். அந்த ஒரு நொடியில் 5 மீட்டர் கண்ணை மூடி ஓட்டியதற்குச் சமம், ஆகவே முன்னால் குழி இல்லாத இடமாகப் பார்த்துத் திரும்புங்கள்.
2. பின்னால் இருப்பது எவ்வளவு தூரத்தில், என்ன வேகத்தில் என்று பிடிபட்டதும் வலது கையைத் தோள் உயரத்துக்கு நேராக நீட்டுங்கள். இரண்டு நொடி. விரலை மட்டும் ஆட்டுவது யாருக்கும் தெரியாது.
3. மறுபடியும் பாருங்கள். வருகிறவர் வேகத்தைக் குறைத்தாரா? முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தால் பிரேக் பிடிக்கிறார் என்று அர்த்தம். குறைக்கவில்லை என்றால் போக விடுங்கள், அடுத்தவருக்காக மீண்டும் முதலிலிருந்து.
4. கையை ஹேண்டிலுக்குக் கொண்டுவந்து, மூன்று நொடியில் மெல்லச் சரிவாக ஆறடிக்கு நகருங்கள். இரண்டு தடம் மாறவேண்டுமென்றால் ஒவ்வொரு தடத்துக்கும் இந்த நான்கும் தனித்தனி.

திரும்பிப் பார்க்கும்போது சைக்கிளும் சேர்ந்து வலப்பக்கம் போவது புதியவர்கள் எல்லோருக்கும் நடப்பது. தோள் திரும்பும்போது இடது கை ஹேண்டிலைத் தள்ளுவதும் வலது கை இழுப்பதும்தான் காரணம். இடது முழங்கையைத் தளர்த்துங்கள். வலது கையை ஹேண்டிலிலிருந்து எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு திரும்பினால் இழுவை போய்விடும். கை சைகை காட்டும்போது மற்றக் கையில் எந்த பிரேக் இருக்கிறது என்பது முக்கியம். இடது லிவர் முன்சக்கரத்தைப் பிடிக்கிறதா பின்சக்கரத்தையா என்று இன்றே பாருங்கள். ஒற்றைக் கையால் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் ஆள் ஹேண்டிலுக்கு மேலே போவார்.

பழக ஞாயிறு காலை ஆறு மணித் தெரு போதும். சாக்கட்டியால் ஓரத்திலிருந்து ஒன்றரை அடி, மூன்றடி, ஆறடியில் 30 மீட்டருக்குக் கோடு இழுங்கள். முதலில் மூன்றடிக் கோட்டின் மேல் ஓட்டுங்கள். பிறகு பின்னால் ஒருவரை நிறுத்தி விரல்களைக் காட்டச் சொல்லி, திரும்பிப் பார்த்து எண்ணிக்கையை உரக்கச் சொல்லுங்கள். கோட்டிலிருந்து அரையடிக்கு மேல் விலகாமல் பத்து முறை சரியாகச் சொல்ல வந்துவிட்டால் பெரிய சாலைக்குப் போகலாம்.

வலது முனையில் கண்ணாடி மாட்டிக்கொள்வது நல்லது. ஆனால் குவிந்த கண்ணாடி எல்லாவற்றையும் தூரத்தில் காட்டும். எப்போது திரும்பலாம் என்று தெரிந்துகொள்ள அது உதவும். திரும்பிப் பார்ப்பதற்கு மாற்று அல்ல. திரும்பிப் பார்ப்பதற்கு இன்னொரு பயன்: முகம் தெரிந்தால் டிரைவர் வேகத்தைக் குறைக்கிறார். முதுகுக்குக் கிடைக்காத மரியாதை முகத்துக்குக் கிடைக்கிறது.

டூவீலர் என்னும் தனிக் கணக்கு

மூன்றடியில் போனால் உங்கள் இடப்பக்கம் மூன்றடி காலி. ஸ்கூட்டருக்கு அது சாலை. ஆறடியில் போனால் இரண்டு பக்கமும் சாலை. ஆகவே வலப்பக்கம் போவதற்கு மட்டுமல்ல, இடப்பக்கம் திரும்பி வருவதற்கும் தோளுக்கு மேல் பார்க்க வேண்டும். ஆறடியிலிருந்து மூன்றடிக்குச் சும்மா சரிந்து வரும்போது இடித்துக்கொள்வது இங்கே சாதாரணமாக நடப்பது. இடது தோள், இடது கை, பிறகு நகர்வு.

பக்கத்தில் ஹாரன் அடித்தால் துள்ளி இடப்பக்கம் ஒதுங்காதீர்கள். இங்கே ஒரு குட்டி ஹாரன் "நான் வருகிறேன்" என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. அடித்தவர் நீங்கள் இதே கோட்டில் போவீர்கள் என்று நம்பித்தான் வருகிறார். கோட்டை மாற்றினால் அவர் கணக்குத் தப்பும். விடாமல் நீளமாக அடிக்கும் ஹாரன் வேறு. அது பெரும்பாலும் பிரேக் பிடிக்க மனமில்லாத கனரக வண்டி. பாருங்கள், இடம் இருந்தால் விடுங்கள்.

எதிர்த்திசையில் வரும் பைக் ஓரத்தை ஒட்டித்தான் வரும், நேரே உங்கள் முன்னால். வலப்பக்கம் வெட்டினால் பின்னால் வரும் பஸ் உங்களுக்குத் தெரியாது. அவருக்கோ அந்த பஸ் நன்றாகத் தெரியும், அவர் அதை நோக்கித்தானே வருகிறார். ஆகவே வெளிப்பக்கம் சுற்றவேண்டியவர் அவர். வேகத்தைக் குறையுங்கள், உங்கள் மூன்றடியில் நில்லுங்கள், தேவையானால் கால் ஊன்றுங்கள். அவரும் ஓரத்தை விடமாட்டார் போலிருந்தால் நின்றபடியே இருங்கள். நிற்கிற சைக்கிளைச் சுற்றிப் போகத்தான் செய்வார். யார் செய்தது சரி என்ற விவாதத்தை அங்கே வைத்துக்கொள்ள வேண்டாம்.

நிற்கும் கார்கள்

காரின் கதவு முழுதாகத் திறந்தால் மூன்றடிக்கு நீளும். நிற்கும் கார்களைக் கடக்கும்போது ஹேண்டிலின் இடது முனைக்கும் காரின் பக்கவாட்டுக்கும் மூன்றடி வேண்டும்; சக்கரம் நான்கடியில். இதில் கதவு மோதுவதைவிடக் கதவுக்குப் பயந்து வலப்பக்கம் துள்ளுவதுதான் கூடுதல் ஆபத்து. தள்ளி ஓட்டினால் இரண்டும் இல்லை.

வண்டிக்குள் யார் இருக்கிறார்கள் என்று கண்ணை ஓட்டுங்கள்: பின்கண்ணாடி வழியே ஒரு தலை, இப்போதுதான் அணைந்த பிரேக் விளக்கு, சாலைப் பக்கம் திரும்பிய முன்சக்கரம். ஆட்டோவில் கதவே கிடையாது, சவாரி எந்த எச்சரிக்கையும் இல்லாமல் காலை வெளியே வைப்பார். குட்டி யானை என்னும் சின்ன லோடு வண்டி நின்றிருந்தால் பின்பக்கம் கம்பியோ பைப்போ நீட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள்.

இரண்டு காருக்கு நடுவே இருபது முப்பது மீட்டர் காலி இருந்தால் உள்ளே ஒதுங்கி, மறுபடி வெளியே வருவது மரியாதையாகத் தோன்றும். செய்யாதீர்கள். உள்ளே போனதும் பின்னால் வருகிறவர் உங்களை மறந்துவிடுகிறார். அடுத்த காரைத் தாண்ட வெளியே வரும்போது அவருக்கு நீங்கள் திடீரென்று முளைத்த ஆள். 50 மீட்டருக்குக் குறைவான இடைவெளி என்றால் கோட்டை மாற்றாமல் நேராகப் போங்கள்.

நீங்களே கார் ஓட்டும் நாளில்: வலது கதவை இடது கையால் திறந்து பழகுங்கள். உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் போகும்.

பஸ் ஸ்டாப்

எம்டிசி (சென்னை மாநகர) பஸ் உங்களைத் தாண்டிப் போய் ஆறு மீட்டரில் ஸ்டாப்பில் ஒதுங்கும். இதை முன்கூட்டி அறியலாம்: முன்னால் கூட்டம் பிளாட்பாரத்திலிருந்து இறங்கிச் சாலையைப் பார்த்து நின்றால் பஸ் வருகிறது, அது உங்கள் பின்னால்தான் இருக்கிறது. திரும்பிப் பாருங்கள். பஸ் நெருக்கத்தில் என்றால் மிதிப்பதை நிறுத்தி அதைப் போகவிட்டுப் பின்னாலேயே நில்லுங்கள். ஸ்டாப்புக்கு நீங்கள் முதலில் போய்விடுவீர்கள் என்று பந்தயம் ஓட்டவேண்டாம்.

நின்ற பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே எவ்வளவு அகலம் இருந்தாலும் நுழையக் கூடாது. விதிவிலக்கே இல்லாத சில விதிகளில் இது ஒன்று. பஸ் இரண்டாவது தடத்தில் நின்றிருந்தால் இன்னும் மோசம். பயணிகள் அந்த இடைவெளியில்தான் ஓடுவார்கள்.

வலப்பக்கமாக முந்துவதானால் பஸ் இப்போதுதான் நின்றிருக்க வேண்டும். பாதிப்பேர் ஏறிவிட்டார்கள் என்றால் நீங்கள் பாதி தூரம் போகும்போது அது கிளம்பும், முன்பக்கம் வலப்பக்கம் ஒடியும். பஸ்ஸின் நீளம் பத்து மீட்டருக்கு மேல். கடக்க உங்களுக்கு மூன்று நான்கு நொடி ஆகும். சந்தேகம் இருந்தால் நான்கைந்து மீட்டர் பின்னால், டிரைவரின் வலது கண்ணாடியில் அவர் முகம் தெரியும் இடத்தில் நில்லுங்கள். அவர் முகம் தெரியாத இடத்தில் நிற்கும்போது நீங்களும் அவருக்குத் தெரிய மாட்டீர்கள். டேங்கர், கான்கிரீட் கலவை லாரிக்கும் இதே கணக்கு.

ஷேர் ஆட்டோ பிளாட்பாரத்தில் யாராவது கையசைத்தால் சிக்னல் போடாமல் நிற்கும். அதன் பின்னால் போகும்போது பத்து மீட்டர் விட்டுப் போங்கள். கையசைக்கும் ஆள் உங்களுக்கும் தெரிவார்.

சிக்னலும் திருப்பங்களும்

ஃப்ரீ லெஃப்ட் இருக்கும் சந்திப்பில் நேராகப் போக இடது ஓரத்தில் நின்றால் பின்னால் இருக்கிறவர்கள் எல்லோரும் உங்களைத் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். பச்சை விழுந்ததும் இடப்பக்கம் திரும்புகிறவர் உங்கள் முன்சக்கரத்தின் குறுக்கே வெட்டுவார். நேராகப் போகும் தடத்தின் நடுவில், முதல் காருக்கு முன்னால் நிறுத்தக்கோட்டை ஒட்டி நில்லுங்கள். கார் டிரைவர் கண்ணுக்கு இரண்டு மீட்டர் போதும். லாரிக்கு முன்னால் நிற்காதீர்கள். உயரமான கேபினிலிருந்து பார்க்கும்போது பம்பருக்கு முன் உள்ள இரண்டு மூன்று மீட்டர் மறைந்துவிடும். லாரி முதலில் நின்றால் அதன் பின்னால் நில்லுங்கள், பக்கத்தில் அல்ல.

லாரியும் பஸ்ஸும் இடப்பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போகாது. மூலையை உள்ளே வெட்டிக்கொண்டு வரும். முன்பக்கம் விலகிப் போவதைப் பார்த்து "இடம் கிடைத்தது" என்று இடப்பக்கம் நுழைந்தவரை அந்தப் பின்சக்கரம் மூலையில் நெருக்கும். இடப்பக்க இண்டிகேட்டர் போடவில்லை என்பது எதற்கும் உத்தரவாதம் அல்ல. பெரிய வண்டி திரும்புவதற்கு முன் ஒருகணம் வலப்பக்கம் அகலும். அது வலப்பக்கம் போகும் அறிகுறி என்று ஏமாறவேண்டாம்.

வலப்பக்கம் திரும்ப, சிறிய சந்திப்பில் மேலே சொன்ன நான்கு படிகளில் தடம் மாறிப் போகலாம். நான்கு, ஆறு தடச் சாலைகளில் இரண்டு கட்டமாகத் திரும்புங்கள்: இடப்பக்கத் தடத்திலேயே நேராகச் சந்திப்பைக் கடந்து, எதிர்மூலையில் ஜீப்ரா கோட்டுக்கு முன்னால் ஒதுங்கி நின்று, சைக்கிளை வலப்பக்கம் திருப்பி, அந்தச் சாலையின் பச்சைக்குக் காத்திருந்து போங்கள். ஒரு சிக்னல் கூடுதல். பல நேரம் ஒரு நிமிடம்கூட ஆகாது. வலப்பக்கம் திரும்ப முடியாமல் மீடியனை அடைத்து, தொலைவில் யூ-டர்ன் வைத்த இடங்களில் சைக்கிளுக்கு அந்த யூ-டர்ன் வேண்டாம். வேகமான வலது தடத்தில் போய் நிற்கவேண்டி வரும். இறங்கி, தள்ளிக்கொண்டு, நடப்பவராகக் கடந்துவிடுங்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

மேம்பாலம்

ஏற்றத்தில் வேகம் 8, 10 கிலோமீட்டருக்கு இறங்கும், ஆட்டம் கூடும், ஒதுங்க இடமிருக்காது. கீழே சாலை இருந்தால் கீழேயே போங்கள். கத்திப்பாராபோல வளைந்து வளைந்து சாலைகள் இணையும் இடத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் நீங்கள் இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே மாட்டுவீர்கள்.

மேம்பாலம் பிரியும் இடத்தில், கீழே போகவேண்டியவர் பெரும்பாலும் பாலத்துக்கு இடப்பக்கம் இருப்பார், சிக்கல் இல்லை. ஆனால் இடப்பக்கம் ஒரு கிளைச்சாலை பிரிந்து, நீங்கள் நேராகப் போகவேண்டும் என்றால், பிரிவுக்கு 50 மீட்டர் முன்பே நேர்த்தடத்தின் மூன்றடிக்கு மாறிவிடுங்கள். பிரியும் முக்கோணம் வரை ஓரத்தில் போய்விட்டு அங்கிருந்து குறுக்கே வெட்டுவதுதான் தவறு. தவறவிட்டால் கிளைச்சாலையிலேயே போய், திரும்பி வாருங்கள்.

மழை, இருட்டு

அக்டோபர் முதல் டிசம்பர்வரை ஓரம் நீருக்குள் இருக்கும். தெரியாத நீரில் சக்கரத்தை இறக்காதீர்கள். மூடி இல்லாத குழியைக் காட்ட அங்கே யாரும் குச்சி நட்டிருக்க மாட்டார்கள், நட்டாலும் மிதந்து போயிருக்கும். முன்னால் போன காரின் டயர்த் தடத்திலேயே போவது நம்பகமானது. தடக்கோட்டு பெயின்ட், மெட்ரோ வேலைக்காகப் போட்ட இரும்புத் தகடு, மூடிகள் எல்லாம் ஈரத்தில் சோப்பு மாதிரி. அவற்றின்மேல் திரும்பவோ பிரேக் பிடிக்கவோ வேண்டாம். ரிம் பிரேக் நனைந்தால் பிடிக்க இரண்டு மடங்கு தூரம் எடுக்கும், ஆகவே சிக்னலுக்கு முன்பே லேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

வேகத்தடையின் இடது முனையில் ஓரடி, இரண்டடி தட்டையாக விட்டிருப்பார்கள். எல்லா டூவீலரும் அதற்குள் நுழையப் பார்க்கும். அந்த இடுக்குக்குப் போட்டி போடாமல் தடையை நேராக ஏறி இறங்குங்கள்.

இருட்டில் பின்விளக்கு எரியாமல் ஆறடி நிலை கூடவே கூடாது. எரிந்தாலும், இசிஆர்போல வேகமான, விளக்கில்லாத பகுதியில் தோள்பகுதியில் போங்கள். பாலத்தில் தோள்பகுதி மறையும்; 100 மீட்டர் முன்பே பின்னால் பார்த்து, பெரிய வண்டி வந்தால் பாலத்துக்கு வெளியே நின்று விட்டுவிட்டுப் போங்கள். எதிர் ஹைபீம் கண்ணைக் கூசினால் பார்வையைச் சாலையின் இடப்பக்க வெள்ளைக் கோட்டில் வையுங்கள், வேகத்தைக் குறையுங்கள்.

பள்ளிக்கூட சைக்கிள்

அரசு பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தரும் விலையில்லா சைக்கிளில் முன்கூடை இருக்கிறது, பின்னால் கேரியர் இருக்கிறது, பையின் எடையோ ஏழெட்டுக் கிலோ. பையைக் கூடையில் வைத்தால் ஹேண்டில் தானாகத் திரும்பப் பார்க்கும். திரும்பிப் பார்க்கும்போது இந்த இழுவை இன்னும் கூடும். பை கேரியரில், ரப்பர் பட்டையால் இரண்டு சுற்று. பட்டையின் தொங்கும் முனை ஆரக்கம்பியில் சிக்காமல் செருகிவிட வேண்டும்.

மூன்று பேர் பேசிக்கொண்டே பக்கத்தில் பக்கத்தில் போவது அந்த வயதின் சந்தோஷம். பஸ் ஓடும் சாலையில் மட்டும் ஒருவர்பின் ஒருவராக, சைக்கிளுக்கு ஒரு சைக்கிள் நீளம் விட்டு, எல்லோரும் அதே மூன்றடிக் கோட்டில். முன்னால் போகிறவர் ஓட்டத் தெரிந்தவர், கடைசியில் போகிறவர் இன்னும் நன்றாகத் தெரிந்தவர். திரும்பிப் பார்த்து "பஸ்" என்று குரல் கொடுப்பது அவர் வேலை. நடுவில் புதியவர். கேரியரில் தோழி ஏறிக்கொண்டால் கிளம்பும்போது ஆட்டம் இரண்டு மடங்கு, ஆகவே அவர் சாலையில் ஏறக் கூடாது. தெருவுக்குள்ளேயே ஏறி, சைக்கிள் நிதானப்பட்ட பிறகு பெரிய சாலைக்கு வரவேண்டும். இறங்குவதும் அப்படியே: இடப்பக்கம், சைக்கிள் முழுதாக நின்ற பிறகு.